கட்-ஆஃப் 130.5: எந்தக் கல்லூரி எந்த மார்க்கைப் பார்க்கிறது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் தன் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி, உயிரியல்-கணிதப் பிரிவு, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பிளஸ் டூவில் 600-க்கு 418: தமிழ் 83, ஆங்கிலம் 68, கணிதம் 64, இயற்பியல் 61, வேதியியல் 72, உயிரியல் 70. என்ஐடி உள்ளிட்ட மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் 58 பர்சன்டைல். ஆசை திருச்சி என்ஐடி மீதும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் மீதும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்து, ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ரிசல்ட் வந்துவிட்டது. "இந்த மார்க்குக்கு அதையும் எழுதி என்ன ஆகப்போகுது" என்று தங்கை விட்டுவிடப் பார்க்கிறார். இதற்கிடையில் ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்து ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பேசி, முன்பணம் கேட்டிருக்கிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

கியூட்டைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த இரண்டும் அவசரம் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்கள் கீழே.

வீட்டில் எல்லோரும் 418 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வருத்தப்படுகிறீர்கள். ஆனால் அந்த 418-ஐ அப்படியே எடுத்துத் தரவரிசை போடும் கல்லூரி ஏறக்குறைய இல்லை. பொறியியல் கவுன்சலிங்கில் கணிதம் முழுதாக 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50-க்கும் எடுக்கப்படும். அதன்படி அவருடைய கட்-ஆஃப் 64 + 30.5 + 36 = 130.5. வேளாண் பல்கலைக்கழகத்தில் நான்கு பாடங்களும் 50-க்கு மாற்றப்படுவதால் அங்கே 133.5. அரசு கலைக் கல்லூரியில் நான்கு முதன்மைப் பாடங்களின் கூட்டல், 400-க்கு 267. அதே கல்லூரியில் பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மார்க் மட்டும், அதாவது 83. பி.ஏ. ஆங்கிலம் என்றால் 68. மத்தியப் பல்கலைக்கழகத்தில் தரவரிசை முழுக்கக் கியூட் மார்க்கில்தான். பிளஸ் டூ சதவீதம் அங்கே குறைந்தபட்சத் தகுதிக்கு மட்டும். ஒரே பெண்ணுக்கு ஆறு எண்கள். எந்த எண் எங்கே எடுபடும் என்று பார்ப்பதுதான் மார்க் குறைந்தவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

அமெரிக்கக் கல்லூரி சேர்க்கை பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, உருக்கமாக ஒரு கட்டுரையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் இருந்தால் மார்க்கை ஈடுகட்டலாம் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். நம் ஊர் கவுன்சலிங்கில் அதற்கு இடமே இல்லை. கணினி எண்ணைப் பார்க்கும், இன ஒதுக்கீட்டைப் பார்க்கும், அவ்வளவுதான். தனியாக நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கும் பெங்களூரு அசிம் பிரேம்ஜி போன்ற சில பல்கலைக்கழகங்கள் விதிவிலக்கு.

இனி, கசப்பான செய்தி. என்ஐடி பி.டெக். இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை. ஜேஇஇ ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65 சதவீதம், அல்லது அந்த போர்டின் முதல் 20 பர்சன்டைலுக்குள் இடம் என்பது விதி. 418 என்பது 69.67 சதவீதம். ஆங்கிலத்தை விட்டுவிட்டு மற்ற ஐந்து பாடங்களைக் கூட்டினாலும் 500-க்கு 350, சரியாக 70. தமிழ்நாட்டில் முதல் 20 பர்சன்டைல் என்பது இதைவிடப் பல படி மேலே. எனவே ஒரு வருடம் வீட்டில் இருந்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டி, ஜேஇஇயில் 97 பர்சன்டைல் எடுத்தாலும் இந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடும். "ஒரு வருஷம் ரிப்பீட் போட்டால் என்ஐடி உறுதி" என்று சொல்லும் கோச்சிங் சென்டர்கள் இந்த 75-ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. உங்கள் தங்கையின் ஒரு வருடத்தை இதற்குக் கொடுக்காதீர்கள்.

அதே என்ஐடிக்கு வேறு வழி இருக்கிறது, கொஞ்சம் நாள் பிடிக்கும். கணிதம் உள்ள மூன்றாண்டு பட்டம் முடித்து நிம்செட் என்ற நுழைவுத் தேர்வை எழுதினால் எம்.சி.ஏ. பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல், கணிதம் முடித்து ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதினால் எம்.எஸ்சி. இந்த இரண்டுக்கும் பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பிளஸ் டூ மார்க் அங்கே ரேங்க்கில் சேராது. இப்போது பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியூட்டுக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் தங்கைக்கு இன்னும் எழுதப்படாத ஒரு மார்க் இருக்கிறது. மற்ற ஐந்து எண்களும் முடிந்துபோனவை. 2025-இல் வந்த முறைப்படி ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம், 250 மார்க். சரிக்கு 5, தவறுக்கு மைனஸ் 1, விட்டால் பூஜ்யம். நெகட்டிவ் மார்க் பயத்தில் நம் பிள்ளைகள் பத்துப் பதினைந்து கேள்விகளை வெறுமனே விட்டுவிட்டு வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றுமே தெரியாத நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. 5 கழித்தல் 3, மிச்சம் 2. நான்கில் ஒரு விடையைத் தவறென்று தள்ள முடிந்தால் லாபம் இன்னும் கூடும். எனவே கியூட்டில் எந்தக் கேள்வியையும் விடக்கூடாது. கடைசி ஐந்து நிமிடத்தை, விட்டுவைத்த கேள்விகளைக் குறிப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

பாடத்திட்டம், மத்தியப் பாடநூலான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்பு. நம் சமச்சீர்ப் பாடநூல் படித்தவர்களுக்கு இயற்பியலில் பெரிய வித்தியாசம் இல்லை; நிலைமின்னியல், மின்னோட்டவியல், ஒளியியல், அணுக்கரு எல்லாம் கிட்டத்தட்ட அதே அத்தியாயங்கள். சிக்கல் கணிதத்தில்தான். நம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த கலப்பு எண்கள், சமன்பாட்டியல், இருபரிமாணப் பகுமுறை வடிவியல் ஆகியவை அங்கே பதினொன்றாம் வகுப்புப் பாடம், எனவே கியூட் கணிதத்தில் இல்லை. அவற்றைத் திரும்பப் படித்து நாளை வீணாக்க வேண்டாம். மாறாக, நம்மிடம் பதினொன்றாம் வகுப்பில் வந்த அணிகளும் அணிக்கோவைகளும், நிகழ்தகவில் பேயிஸ் தேற்றம் ஆகியவை அங்கே பன்னிரண்டில் இருக்கின்றன. பழைய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். நம் அறிவியல் பிரிவுக் கணிதத்தில் இல்லாத ஒரு பகுதி நேரியல் திட்டமிடல். வரைபடம் போட்டு மூலைப் புள்ளிகளில் மதிப்பைச் சோதிக்கும் சின்னப் பாடம்தான். இரண்டு நாளில் பிடித்துவிடலாம், கேள்வியும் நேரடியாக வரும். மீதமிருக்கும் நாட்கள் இரண்டு வாரம் என்றால், புதிதாகப் படிப்பதற்கு முதல் ஐந்து நாளை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற நாட்களில் தினம் ஒரு தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். 60 நிமிடத்தில் 50 கேள்வி என்பது ஒரு கேள்விக்கு 72 நொடி. பள்ளித் தேர்வை மூன்று மணி நேரம் எழுதிப் பழகிய கைக்கு இந்த வேகம் தானாக வராது.

எழுதிய பிறகுதான் பலர் தவறுகிறார்கள். கியூட் எழுதினால் மத்தியப் பல்கலைக்கழகமே கூப்பிடும் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி யாரும் கூப்பிட மாட்டார்கள். திருவாரூர் நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்குத் தன் இணையதளத்தில் தனியாகப் பதிவு கேட்கும். கியூட் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, விரும்பும் படிப்புகளைக் குறித்து, கட்டணம் கட்ட வேண்டும். அதற்குக் கொடுப்பது குறுகிய கால அவகாசம். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இப்படியே தனிப் பதிவு. ஒரே படிப்பை மட்டும் குறிக்காமல், எழுதிய தாள்கள் எந்தெந்தப் படிப்புக்குப் பொருந்துகின்றன என்று கையேட்டில் பார்த்து அத்தனையையும் குறியுங்கள். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்புகளில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கூட்டம் இருக்காது. முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்றாலும் அடுத்தடுத்த சுற்றுகளைப் பாருங்கள். வேறு இடம் கிடைத்துப் பலர் விலகுவதால் பட்டியல் கீழே இறங்கும்.

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் பிசி சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்கு மட்டுமே செல்லும். மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், வசதி படைத்த பிரிவான கிரீமி லேயரில் இல்லை என்ற குறிப்போடு, மத்திய அரசுப் படிவத்தில், நடப்பு நிதியாண்டில் அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்; மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தச் சான்றிதழ் இல்லாமல் பொதுப் பிரிவில் போய் நின்று இடத்தை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். மே, ஜூனில் தாலுகா அலுவலகங்களில் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கும். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவை வேலையும் சேர்ந்துகொள்ளும். விஏஓ-வை ஊரில் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிடுவது நல்லது.

இப்போது பொறியியல். 130.5 என்ற எண்ணை இரண்டு இடத்தில் அசைக்க முடியும்.

முதலாவது, மறுமதிப்பீடு. அதற்கு முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வந்த பிறகே மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் பணம் கட்டாதீர்கள். கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃப் ஒன்று கூடும். இயற்பியலில் இரண்டு மார்க் கூடினால்தான் ஒன்று கூடும். அதனால் முதல் தேர்வு கணிதம். நகல் கைக்கு வந்ததும் தேர்வுத் துறை வெளியிட்ட விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து, பள்ளியில் அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் உட்கார்ந்து ஒவ்வொரு படிக்கும் மார்க் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து மார்க் கணக்கில் இறுதி விடை தப்பினாலும் இடைப்படிகளுக்கு மார்க் உண்டு, அது விடுபட்டிருக்கலாம். பின்பக்கம் எழுதிய விடை திருத்தப்படாமல் இருக்கலாம், உள்ளே போட்ட மார்க் முகப்புக் கட்டத்துக்கு ஏறாமல் இருக்கலாம். அப்படி எதுவும் கண்ணில் படாமல், "ஏதாவது கூடும்" என்ற நம்பிக்கையில் மட்டும் மறுமதிப்பீடு கேட்காதீர்கள், மார்க் குறையவும் கூடும். கூடியிருந்தால் புதிய மார்க் கவுன்சலிங் விண்ணப்பத்தில் ஏறியிருக்கிறதா என்று தரவரிசைப் பட்டியலுக்கு முன் சரிபாருங்கள்.

இரண்டாவது, 7.5 சதவீத ஒதுக்கீடு. 2021-இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம், கால்நடை மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனியாக 7.5 சதவீத இடங்கள். உங்கள் தங்கைக்குப் பொதுத் தரவரிசை ஒன்று, அரசுப் பள்ளித் தரவரிசை ஒன்று என்று இரண்டு ரேங்க் வரும். இரண்டாவது ரேங்க்தான் அவருக்குப் பெரிய பலம், ஏனென்றால் அந்தப் பட்டியலில் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளி என்பது நிபந்தனை. நடுவில் ஒரு வருடம் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தால் பொருந்தாது. டெல்டாவில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. உதவிபெறும் பள்ளியையும் "கவர்மென்ட் ஸ்கூல்"தான் என்று நினைத்துப் பெட்டியில் டிக் அடித்துவிட்டு, சரிபார்ப்பில் சிக்கிக்கொள்கிறார்கள். எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்பதற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே வாங்கிவிடுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும்.

முதல் பட்டதாரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்றால்தான் அது கிடைக்கும். கேள்வி கேட்ட அண்ணனே பட்டம் பெற்றிருந்தால் தங்கைக்கு அது இல்லை.

போன ஆண்டுகளின் குறைந்தபட்ச கட்-ஆஃப் பட்டியலைப் பொறியியல் கவுன்சலிங்கின் டிஎன்இஏ இணையதளமே வெளியிடுகிறது. அதைப் பார்க்கும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து "இது நமக்கு எட்டாது" என்று மூடிவிடாதீர்கள். கல்லூரி, பிரிவு, இனம் மூன்றும் சேர்ந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள். அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் சிவிலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று ஆண்டுகளைப் பார்த்து, அவற்றில் அதிகமான எண்ணை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 7.5 பட்டியலின் கடைசி எண்ணைத் தனியாகத் தேடுங்கள்.

இந்தப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியவை அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி பிஐடி வளாகம், ஸ்ரீரங்கம் அரசுப் பொறியியல் கல்லூரி, தஞ்சாவூர் செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரி, பிறகு பட்டுக்கோட்டையிலும் திருக்குவளையிலும் உள்ள பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள். திருத்துறைப்பூண்டிக்கு இவற்றில் அருகில் இருப்பது திருக்குவளை. தனியார் கல்லூரி என்றால் விளம்பரப் பலகையை நம்பாமல், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள். பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரியில், பிளஸ் டூ கணிதத்தில் 64 எடுத்த பிள்ளை முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்துத் தவிக்கும். இந்த ஓர் அளவுகோலை நான் கட்டட அழகுக்கும் பேருந்து வசதிக்கும் மேலே வைப்பேன்.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்யும் சாய்ஸ் ஃபில்லிங்தான் குறைந்த கட்-ஆஃப்காரர்களின் தலையெழுத்தை முடிவு செய்யும் இடம். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதல் வரியில் இடம் இருந்தால் கொடுக்கும், இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போகும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் பயந்துபோய் சுலபமாகக் கிடைக்கும் கல்லூரியை மேலே போட்டுவிட்டால், அதற்குக் கீழே எழுதிய நல்ல கல்லூரிகளைக் கணினி பார்க்கவே பார்க்காது. முதலில் ஒரு நீளமான நோட்டில் கையால் எழுதுங்கள். இடப்பக்கம் கல்லூரிக் குறியீடு, நடுவில் பிரிவு, வலப்பக்கம் மூன்று ஆண்டின் கடைசி எண். நிஜமாகவே படிக்க விருப்பமுள்ள வரிசையில் அடுக்கிய பிறகு, அடியில் 130.5-க்கு நிச்சயம் கிடைக்கும் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மொத்தம் எழுபது எண்பது வரி இருந்தால் தவறில்லை. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லை. கிடைத்தாலும் சேர மாட்டோம் என்கிற கல்லூரியை மட்டும் எழுதக் கூடாது.

பிரவுசிங் சென்டரில் "நீங்க போங்க, நாங்க போட்டுவிடுறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவு செய்யும் செல்பேசி எண் தங்கையின் கையில் இருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்திருந்தால் ஓடிபி அவருக்குப் போகும். அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தால் அவர் நாற்றங்காலில் நிற்கும்போது ஓடிபி காலாவதியாகும். லாக் செய்த பிறகு வரும் பட்டியலைப் பிடிஎஃப் ஆக எடுத்து, நோட்டோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் குறியீட்டைப் பாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து விதமான பதில் கேட்பார்கள். கிடைத்தது பிடித்திருந்தால் ஏற்றுச் சேர்வது. பிடித்திருக்கிறது, ஆனால் மேலே எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது என்றால் ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி நகர்வதற்குக் காத்திருப்பது. நடுத்தரமான எண் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவதே சரி. கையில் ஒன்று இருக்கும், மேலே கிடைத்தால் தானாக மாறும். இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது ஆபத்து: அடுத்த சுற்றில் மிச்சமிருக்கும் இடங்களுக்குத்தான் போட்டி. கெடு முடிவதற்குள் எந்தப் பதிலையும் அழுத்தாமல் விடுவது எல்லாவற்றையும்விட மோசம், ஒதுக்கீடு ரத்தாகிவிடும்.

வேளாண்மையில் 133.5-க்குப் பொதுப் பட்டியலில் அரசுக் கல்லூரி எட்டாது என்பதே என் கணிப்பு. ஆனாலும் விண்ணப்பம் போடுங்கள், 7.5 பட்டியலும் இணைப்புக் கல்லூரிகளும் இருக்கின்றன. நாகப்பட்டினம் கீழ்வேளூரிலும் தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையிலும் அரசு வேளாண் கல்லூரிகள் வீட்டுக்குப் பக்கத்தில்தான்.

கலை அறிவியல் கல்லூரிகளை இரண்டாம் தரமாக நினைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது தவறு, குறிப்பாக உங்கள் தங்கையின் நிலையில். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854-இலிருந்து நடக்கிறது, தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி, பெண்களுக்குக் குந்தவை நாச்சியார், திருவாரூரில் திரு.வி.க.; மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி. அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைய விண்ணப்பம். வணிகவியல், கணினி அறிவியல் பிரிவுகளில்தான் கூட்டம் நெரியும். இயற்பியல், கணிதம், தாவரவியல், பொருளியல் பிரிவுகளில் 267-க்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு. பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ எடுத்தால் மேலே சொன்ன ஜாம், நிம்செட் வாசல்கள் மூன்றாண்டு கழித்துத் திறக்கும். தமிழில் 83 என்பதும் வலுவான மார்க். ஆர்வம் இருந்தால் பி.ஏ. தமிழை அனுதாபத்துக்காக இல்லாமல் முதல் விருப்பமாகவே குறிக்கலாம்.

திருச்சியின் பெரிய உதவிபெறும் கல்லூரிகளுக்கு, செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, நேஷனல், ஹோலி கிராஸ் போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே வளாகத்தில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். பட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், கட்டணம்தான் வேறு. உதவிபெறும் பிரிவில் கிடைக்காத மார்க்குக்குச் சுயநிதியில் கிடைக்கும். விண்ணப்பத்தில் இரண்டையும் குறிக்காமல் ஒன்றை மட்டும் குறித்துவிட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்புகிறவர்கள் பலர். மாவட்ட, மாநில அளவில் விளையாடிய சான்றிதழ், என்சிசி இருந்தால் சிறப்புப் பிரிவு விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும். பொது விண்ணப்பத்தோடு இணைத்தால் மட்டும் போதாது.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு அவர் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்கட்டும்.

மார்க்கே பார்க்காத வாசல்கள் சிலவும் இருக்கின்றன. சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை, ஆங்கிலம் ஆகிய நான்கு பாடங்களை இணையத்தில் படித்து, வாராவாரம் பயிற்சி முடித்து, நேரடித் தகுதித் தேர்வில் தேறினால் இடம். கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் என்பதால் தமிழ்வழி மாணவி உடனே தொடங்காமல், முதல் செமஸ்டர் முடிந்து ஆங்கிலம் பழகிய பிறகு எழுதுவது நல்லது என்பேன். ஓவியம் வரும் கை என்றால் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் வரைதிறன் தேர்வுக்குத்தான் மதிப்பு. பொறியியல்தான் வேண்டும், கவுன்சலிங்கில் எதுவுமே சரிப்படவில்லை என்றால் அரசு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு வருடம் டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரி. மொத்தம் ஐந்து வருடம் ஆகும். ஆனால் அந்தக் கவுன்சலிங்கில் டிப்ளமோ மார்க்தான் பேசும், 130.5 அங்கே வராது.

புரோக்கர் பேசியது பற்றி. மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 சலுகை கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. அதே கல்லூரியில் அதே பிரிவு கவுன்சலிங் வழியாகவே 130.5-க்குக் கிடைக்கக்கூடும், கட்-ஆஃப் பட்டியலில் அந்தக் கல்லூரிக் குறியீட்டைத் தட்டிப் பாருங்கள், மூன்றாம் சுற்றில் இடம் காலியாகவே கிடந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. நன்கொடை வாங்குவதைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 1992-இலிருந்தே சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது.

கடைசியாக, நாட்களின் வரிசை. கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் முடியும், பொறியியல் சுற்றுகள் ஆடிப்பெருக்கைத் தாண்டியும் நடக்கும், கியூட் வழிச் சேர்க்கை இன்னும் தள்ளிப் போகலாம். அதனால் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள், மற்றவை வரும் என்று காலியாகக் காத்திருக்க வேண்டாம். சேரும்போது டிசி, மார்க் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் ஐந்து நகலாவது எடுத்துக்கொண்டு, அசலைக் கொடுத்ததற்குக் கல்லூரி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். கட்டிய கட்டணத்துக்கு ரசீது. பிறகு நீலக்குடியிலிருந்தோ கவுன்சலிங்கிலிருந்தோ நல்ல இடம் வந்தால், ஒதுக்கீட்டு ஆணையின் நகலை இணைத்து விலகல் கடிதம் கொடுத்து அசலைத் திரும்பப் பெறலாம். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது, குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதி. அந்தத் தேதியை ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பார்கள். கடிதத்தின் நகலில் அலுவலகத்தில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.